ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

(கொடைக்கானல் மலையிலுள்ள பள்ளங்கியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். போர்முனையிலிருந்து வீடு திரும்பியவருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் இடையே பேச்சு ஏன் அறுந்துபோகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். முன்னாள் படைவீரர் குடும்பங்களோடு மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். என் நாட்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியோடுதான் போகிறது. வீரத்தைப் பாராட்ட மேடைகள் நிறைய உண்டு. டிரங்குப் பெட்டியோடு கடைசியாகப் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அன்று ராத்திரி மனைவியிடம் என்ன பேசினார் என்று கேட்கிற மேடை குறைவு.

பட்டாளத்துக்குக் கடிதம் எழுதிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முகவரி மனப்பாடமாக இருக்கும். படை எண், பதவி, பெயர், யூனிட், அதற்குக் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற படை அஞ்சலக எண். அவ்வளவுதான். மகன் சியாச்சின் பனியில் நின்றாலும் அஸ்ஸாம் காட்டில் நின்றாலும் முகவரியில் ஊர்ப்பெயர் வராது. எங்கே இருக்கிறேன் என்று அவரும் எழுதக் கூடாது. இது இன்று வந்த பழக்கமல்ல. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிப்பதற்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. சிப்பாய்கள் அதற்கும் வழி கண்டார்கள். இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் செம்மிளகு என்றும் எழுதி, எந்த மிளகு தீர்ந்துவருகிறது என்று வீட்டுக்குத் தெரிவித்தார்கள். உயிர் போகிற சேதியை மளிகைக் கணக்காக எழுதவேண்டியிருந்தது.

ஆக, சொல்லாமல் இருப்பது பட்டாளம் கற்றுக்கொடுக்கும் தொழில்களில் ஒன்று. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த பையன், பதினைந்து பதினேழு வருஷம் அதைப் பழகினான். யூனிட் எங்கே நகர்கிறது என்று சொல்லாதே. யார் அடிபட்டார் என்று சொல்லாதே. போனில் பேசும்போது குரலை மாற்றாதே, வீட்டில் பயப்படுவார்கள். அப்புறம் ஒருநாள் டிஸ்சார்ஜ் ஆகி வந்து உட்கார்ந்தவரிடம், "அங்க என்னங்க நடந்துச்சு?" என்று மனைவி கேட்கிறார். "ஒண்ணுமில்ல" என்கிறார். மனைவிக்கு அது கதவைச் சாத்துவதாகப் படுகிறது. அவருக்கோ அது பாசம். இத்தனை வருஷமும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் அவர் அந்த வீட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

சண்டைக்குப் போகாத படைவீரர் வீட்டிலும் இந்தச் சிக்கலில் ஒரு பகுதி உண்டு. வருஷத்தில் இரண்டு மாத ஆண்டு விடுப்பும் சில வாரத் தற்செயல் விடுப்பும்தான் அவருக்கு வீடு. லீவில் வருபவர் பாதி விருந்தாளி. கோழி அடிப்பார்கள், சண்டையைத் தள்ளிவைப்பார்கள், கடனை மறைப்பார்கள். அவர் முப்பத்தைந்து, முப்பத்தேழு வயதில் நிரந்தரமாக வந்து இறங்கும்போது வீட்டை நடத்துகிறவர் வேறொருவராக இருக்கிறார். எந்தப் பாத்தியில் பூண்டு, எதில் கேரட், விதைக்கிழங்குக்கு யாரிடம் கைமாற்று, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாம் மனைவியின் தலையில் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவிடம் கேட்கவேண்டியதை அம்மா வழியாகக் கேட்கிறார்கள். இவர் பேசினால் பேச்சு கட்டளையாக வருகிறது, பாதி இந்தியில். பத்து பேரைப் பிழைக்கவைக்கும் பேச்சு அது. குன்றில் குண்டு விழும்போது விளக்கிச் சொல்ல நேரம் கிடையாது. அடுப்படியில் அதே பேச்சைக் கேட்கும் மனைவி, "என்னை என்ன சிப்பாய்னு நெனச்சீங்களா?" என்கிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இதெல்லாம் ஒன்றிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் தானாகத் தேய்ந்து சமமாகிவிடும். தானாகச் சமமாகாதவற்றைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

முதலாவது காது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நான் பார்த்த எத்தனையோ குடும்பங்களில் சண்டையின் வேர் இங்கேதான் இருந்தது. 140 டெசிபலைத் தாண்டும் வெடிச் சத்தம் ஒரே ஒரு தடவையிலும் உட்காதைக் கெடுத்துவிடக்கூடும். துப்பாக்கி சுடும் சத்தமே அதைத் தாண்டும். பீரங்கி அதற்கும் மேலே. 1999 கார்கில் போரில் மே முதல் ஜூலை வரை நம் பீரங்கிப்படை சுமார் 2,50,000 குண்டுகளும் ராக்கெட்டுகளும் வீசியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் நின்றார்கள். அந்தக் காதுகளில் முதலில் அழிவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் நுண்ணிழைகள், 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில். கட்டைக் குரல் கேட்கும். கீச்சுக் குரல் நழுவிப்போகும். உயிரொலி காதில் விழும். ச, த, க போன்ற மெய்யொலிகள் மழுங்கும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. கூடவே நாள் முழுக்க ஒரு இரைச்சல், சிலருக்கு வண்டு ரீங்கரிப்பது போல.

பீரங்கிப்படையில் இருந்து வந்த ஒருவரின் மனைவி என்னிடம் சொன்னதை, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். "நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு. சின்னவ கூப்பிட்டாலும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கூப்பிட்டா மட்டும் உடனே எந்திரிச்சுப் போறாரு. பொம்பளைங்கன்னா அவ்வளவு எளக்காரமாப் போச்சு." பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கட்டைக் குரல்காரர். மதுரையில் காது சோதனை செய்து பார்த்தபோது இரண்டு காதிலும் அந்த உயர்சுருதிப் பகுதி கிணறு மாதிரி இறங்கியிருந்தது. வரைபடத்தை அந்த அம்மாவிடம் காட்டி, உங்கள் குரலும் மகள் குரலும் விழுகிற இடம் இதுதான் என்று டாக்டர் விரலை வைத்தார். அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். எட்டு வருஷமாக வெறுப்பு என்று நினைத்திருந்தார். கருவி பொருத்திய பிறகும் அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெறுப்பு என்ற சந்தேகம் மட்டும் போயிற்று. அதுவே பெரிது. ஆகவே முன்னாள் படைவீரர் யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் அனுப்புவது காது சோதனைக்கு. மனதைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

இரண்டாவது, உடம்பு விழித்தே இருப்பது. இந்த மலையில் காட்டுமாடும் பன்றியும் இறங்கினால் ராத்திரி வெடி போட்டு விரட்டுகிறோம். போடாமல் விளைச்சல் கைக்கு வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துக் காட்டில் வெடி போட்டதும் கட்டிலிலிருந்து கீழே உருண்டு சுவரோரம் ஒட்டிக்கொள்ளும் ஒரு மனிதர் எந்த ஊரிலும் இருக்கலாம். அதற்குப் பிறகு விடியும்வரை தூக்கமில்லை. பனிமூட்டம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் தெரியாத காலை நேரத்தில் அவருக்கு மூச்சு முட்டலாம்; எதிரே இருப்பது தெரியாத இடத்தில் நின்று காவல் காத்தவர் அவர். காலையில் வீட்டில் யாராவது சாதாரணமாக ஒன்று கேட்டால் எரிந்து விழுகிறார். அந்தக் கோபத்துக்கும் ராத்திரி வெடிக்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்குத் தெரிவதில்லை. பல நேரம் அவருக்கே தெரிவதில்லை. மருத்துவ உலகமே இதற்கு ஒரு பெயர் வைக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் குண்டதிர்ச்சி என்று லான்செட் இதழில் எழுதினார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான், அதுவும் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் விடாமல் கேட்டதால்.

நம் படையில் உடல்தகுதியை ஐந்து எழுத்துகளால் குறிக்கிறார்கள். முதல் எழுத்து மனநிலைக்கு உரியது. அதில் ஒரு படி இறங்கினால் பதவி உயர்வும் போஸ்டிங்கும் பாதிக்கப்படும் என்ற பயம் சர்வீஸில் இருக்கிற எல்லாருக்கும் உண்டு. ஆகவே தூக்கம் வரவில்லை என்று யாரிடமும் சொல்வதில்லை. டாக்டரிடமே சொல்லாமல் பழகியவர் வீட்டில் எப்படிச் சொல்வார்? கேன்டீன் ரம் அந்த இடத்தை நிரப்புகிறது. பிறகு குடும்பம் குடியைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறது.

மூன்றாவதாக நான் சொல்ல வருவதுதான் இன்றைக்கு என் மனதில் கனமாக இருப்பது. தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு மௌனம் அது. 1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. முதல் சில வாரங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறும்வரை சுமார் 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்தார்கள். மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன்களும் அங்கே இருந்தன. வேறு படைப்பிரிவுகளிலும் தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள்.

அந்தப் பையன்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். காஷ்மீரிலோ நாகாலாந்திலோ எதிரே நிற்பவர் திட்டினால் புரியாது, கெஞ்சினாலும் முழுதாகப் புரியாது. அந்தப் புரியாமை ஒரு கவசம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கவசம் இல்லை. சோதனைச் சாவடியில் தமிழ் தெரிந்தவரை முன்னால் நிறுத்தினார்கள். "தம்பி, நீங்களும் தமிழரோ?" என்று ஒரு வயதான தாய் கேட்டதையும், மகனைப் பிடித்துப்போன இடம் எது என்று விசாரித்ததையும் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு இடமும் தெரியாது, சொல்ல உத்தரவும் கிடையாது. அந்தத் தாய் திட்டவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாராம். இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட காலம் முப்பது வருஷத்துக்கு மேல்.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் இந்தியப் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தபோது நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. உயிர் தப்பியவர்களின் சாட்சியம் வேறாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத சிப்பாயும் ஊருக்கு வந்தபோது அந்தப் பெயரைச் சுமந்துதான் வந்தார். தம் கண்முன்னே தவறு நடந்ததைப் பார்த்தவர்கள், தாமே செய்தவர்கள், தடுக்க முடியாமல் நின்றவர்கள் ஆகியோரின் துயரம் பயத்திலிருந்து வேறுபட்டது. வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே 1994இல் கிரேக்கக் காவிய வீரன் அகிலீஸின் கதையை வைத்து எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விளக்குகிறார்: அறம் அடிபட்ட காயம் மாத்திரையால் மட்டும் ஆறுவதில்லை, தண்டிக்காமலும் தட்டிக்கொடுத்து மழுப்பாமலும் கேட்கிற ஒரு கூட்டம் அதற்கு வேண்டும்.

நாம் என்ன செய்தோம்? 1990 மார்ச்சில் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மிகப் பலரின் உணர்ச்சியும் அதுவாகத்தான் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. பதினான்கு மாதம் கழித்து, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊரின் உணர்ச்சி ஒரே ராத்திரியில் திரும்பியது. முந்தின வருஷம் டீக்கடையில், "நம்ம ஆளுங்களையே சுட்டீங்களாமே" என்று கேட்டவர்களே இப்போது, "இன்னும் நாலு பேரைச் சுட்டிருக்கணும்" என்றார்கள். இரண்டு தடவையும் அந்தச் சிப்பாயிடம் என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் அவருக்குச் சொல்லப்பட்டது. என் வருத்தம் இங்கேதான். மற்ற மௌனங்களைப் பட்டாளமும் பீரங்கியும் உண்டாக்கின. இதை உண்டாக்கியது நாம்.

இந்த மலைக்கு இதில் தனியான ஒரு பங்கும் உண்டு. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொடைக்கானல் மலையிலும் வந்து குடியேறின. வாட்டில் மரக்காடுகளில் கூலிக்கு உழைத்தன, கொத்தடிமையாகவும் சிக்கின. ஒரே பஸ்ஸில், ஒரே ரேஷன் கடை வரிசையில், இலங்கையிலிருந்து துரத்தப்பட்டு வந்தவரும் இலங்கைக்குத் துப்பாக்கியோடு அனுப்பப்பட்டவரும் நிற்கக்கூடிய மலை இது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் பேசினால் நமக்குத் தெரியாத எவ்வளவோ வெளிவரும்.

பழைய இலக்கியத்தில் இதற்கு ஏதாவது உண்டா என்று மாணவிகள் கேட்கிறார்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நம் ஊர் மார்கழி போன்ற வாடை. அரண்மனையில் அரசி கட்டிலில் தேறுதல் இல்லாமல் கிடக்கிறாள். பாசறையில் நள்ளிரவில் அரசன் தூங்காமல் மழைத்தூறலில் நடக்கிறான். வேல் பிடித்த ஒரு வீரன் முன்னால் போய்ப் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் பார்த்துக்கொண்டே போகிறான். பாட்டு அங்கேயே முடிகிறது. முல்லைப்பாட்டிலும் அரசன் அடிபட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் நினைத்துத் தூங்காமல் கிடக்கிறான். அது முடிவது திரும்பிவரும் தேர்க்குதிரைகளின் ஒலி அவள் காதை நிறைக்கும் இடத்தில். இரண்டு பாட்டிலும் கவிஞருக்கு இரண்டு பக்கத்துத் தூக்கமின்மையும் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் மற்றவருடையது தெரியாது. தேர் வாசலில் நின்ற பிறகு அந்த ராத்திரியை அவன் அவளுக்கு எப்படிச் சொன்னான் என்பது பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. நான் வேலை செய்வது அந்த வெளியில்.

செய்யக்கூடியவை என்ன? நேருக்கு நேர் உட்காரவைத்து, மனதில் இருப்பதைக் கொட்டு என்று கேட்காதீர்கள். விசாரணை போல ஆகிவிடும். கையில் வேலை இருக்கும்போது, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இவர்கள் பேசுகிறார்கள். பூண்டு காய்ந்தபிறகு தாள் நறுக்கிப் பெரிது சிறிது பிரித்துப்போடும் வேலை ஒன்று இருக்கிறதே, வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை கட்டுவதற்கு முன்னால், அது மாதிரி நல்ல நேரம் கிடையாது. கண்ணைப் பார்க்கவேண்டியதில்லை. நடுவில் நிறுத்தினாலும் யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள். ஒரு வாக்கியம் வந்தால் அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடுங்கள். "அப்புறம்?" என்று இழுக்காதீர்கள். அடுத்த மூட்டைக்கு அடுத்தது வரும்.

சக வீரர்களோடு பேச வழி வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊரில் மாலையில் மரத்தடியில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். மலைக் கிராமங்களில் ஊருக்கு ஒருவர் இருவர். வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் என்று சிதறிக் கிடப்பவர்கள் மாதத்தில் ஒருநாள் ஓர் இடத்தில் கூட ஏற்பாடு செய்யுங்கள். 1970இல் நியூயார்க்கில் வியட்நாம் வீரர்கள் தாமாகவே கூடி வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன் போன்ற மருத்துவர்கள் அங்கே போனது கற்றுக்கொடுக்க மட்டுமல்ல, கேட்கவும். பின்னால் வந்த சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு அந்த வட்டம் ஒரு தொடக்கம்.

உதவி தேவைப்பட்டால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. படையினருக்கென்று தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கியிருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003 முதல் உண்டு. அதற்கான மருத்துவமனைக்கு இந்த மலையிலிருந்து இறங்கிப் போய்வர ஒரு முழுநாள் ஆகிறது என்பதும், காது கேட்காத எழுபது வயதுக்காரர் தனியாக அந்தப் பஸ் பயணம் செய்யவேண்டியிருக்கிறது என்பதும் அதிகாரிகள் காதுக்குப் போகவேண்டிய செய்தி. வருஷத்துக்கு ஒருமுறை காது சோதனை முகாம் ஒன்றையாவது மலைக்கு மேலே நடத்தக் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக மாணவிகளுக்கு ஒரு வேலை. அட்டுவம்பட்டியில் 1984 முதல் ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது, இங்கிருந்து கூப்பிடு தூரம். அமைதிப்படையில் போய்வந்தவர்களில் இருபது வயதில் போனவருக்கே இப்போது அறுபதை நெருங்குகிறது. அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். தாயகம் திரும்பியவர்களின் வாய்மொழியையும் அதே தாளில் பதியுங்கள். தீர்ப்பு எழுதாதீர்கள், தேதி, இடம், பார்த்தது, கேட்டது, அவ்வளவு போதும். தொடங்கும்போது படைவீரரின் மனைவியிடமிருந்து தொடங்குங்கள். அவர் தூக்கத்தில் உளறிய ஊர்ப்பெயர்களெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். எந்த ஊர், எந்த மாதம் வந்தால் உளறல் கூடும், எந்தச் சாப்பாட்டை அவர் தொடுவதில்லை என்று முப்பத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்து கவனித்தவர் அவர். அந்த அம்மாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கணவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மா சொல்வதை அவர் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே கேட்டு எழுதுங்கள். இடையில் ஒரு தேதியைத் திருத்த அவர் வாய் திறப்பார்.